ஹிஸ்பானிக், பிற சிறுபான்மை மாணவர் பயிலும் கல்லூரிகளுக்கான மானியங்கள்: 2025 செப்டம்பருக்குப் பிறகு எதற்கு விண்ணப்பிப்பது?

மத்தியப் பள்ளத்தாக்கு (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கக் கல்லூரிகளில் பணிபுரியும் தமிழர்கள் இங்கே பலர் இருப்பதால் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெக்சிகோ வழிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். பெற்றோரில் பெரும்பாலோர் பாதாம் தோப்புகளிலும் பழங்களைத் தரம்பிரித்துப் பெட்டியிலிடும் கூடங்களிலும் வேலை செய்பவர்கள். ஹ்மோங் (லாவோஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த இனத்தவர்), பஞ்சாபி மாணவர்களும் கணிசமாக உண்டு.

கல்லூரியின் மானியக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஏபி 705 என்ற கலிஃபோர்னிய மாநிலச் சட்டம் வந்த பிறகு, பழைய அடிப்படைக் கணித வகுப்புகளில் மாணவர்களை நிறுத்திவைக்க முடிவதில்லை. நேராகப் பல்கலைக்கழகத் தரத்துப் பாடத்தில் சேர்க்கிறோம். அந்த வகுப்புக்குள்ளேயே துணைப் பயிற்றுநர்களை அமர்த்துவதற்கு, ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்த) மாணவர் பயிலும் கல்லூரிகளுக்கான டைட்டில் 5 மானியத்தை, அதாவது மத்திய உயர்கல்விச் சட்டத்தின் ஐந்தாம் பகுதி தரும் மானியத்தைக் கேட்கலாம் என்று திட்டம் தீட்டிக்கொண்டிருந்தோம். 2025 செப்டம்பரில் மத்திய அரசின் கல்வித் துறை அந்த நிதியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. குழுவில் பாதிப் பேர் இனி எழுதுவதே வீண் என்கிறார்கள். உண்மையில் நின்றது எது, நிற்காதது எது, எங்களைப் போன்ற கல்லூரி எதற்கு எழுதலாம் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எல் பாசோ வாசி

மானிய விண்ணப்பம் எழுதுவதுதான் என் தொழில். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. உங்கள் குழுவினர் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டி, ஒன்று விழுந்ததும் மூன்றும் விழுந்ததாக எண்ணுகிறார்கள்.

முதலாவது, சட்டம் தரும் வரையறை. அங்கீகாரம் பெற்ற, லாப நோக்கற்ற, பட்டம் வழங்கும் கல்லூரியில் இளநிலை மாணவர்களில், முழுநேரச் சமன் கணக்கில் (பகுதிநேர மாணவர்களை முழுநேரத்துக்கு இணையாக மாற்றி எண்ணும் கணக்கு), குறைந்தது 25 விழுக்காட்டினர் ஹிஸ்பானிக் மாணவர்களாக இருந்தால் அது ஹிஸ்பானிக் மாணவர் கல்லூரி. சான் அன்டோனியோவில் 1986-இல் தொடங்கப்பட்ட ஹிஸ்பானிக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் பல ஆண்டுகள் வாதாடியதன் பயனாக, 1992-இல் உயர்கல்விச் சட்டத் திருத்தத்தில் இந்த வகை இடம்பெற்றது. 1998-இல் அதற்கென்றே டைட்டில் 5 எழுதப்பட்டது. இன்று சுமார் 600 கல்லூரிகள் அந்த எல்லையைத் தாண்டி நிற்கின்றன. அமெரிக்காவின் ஹிஸ்பானிக் இளநிலை மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அவற்றில்தான் படிக்கிறார்கள்.

இரண்டாவது, தகுதிச் சான்று. விழுக்காட்டை எட்டினால் மட்டும் பணம் கேட்க முடியாது. கல்லூரியில் ஏழை மாணவர்கள் கணிசமாக இருக்க வேண்டும். அதோடு, ஒரு மாணவருக்குக் கல்லூரி செலவிடும் தொகை அதே வகையைச் சேர்ந்த பிற கல்லூரிகளின் சராசரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கல்வித் துறை ஒவ்வோர் ஆண்டும் சரிபார்த்துச் சான்று தருகிறது. இந்தக் கட்டத்தில் எவருடைய இனமும் கணக்கில் வருவதில்லை என்பதை அடிக்கோடிட்டு உங்கள் குழுவிடம் சொல்லுங்கள். டைட்டில் 5-இன் பெயரில் ஓர் இனம் இருந்தாலும், அதன் வாசலில் காவல் நிற்பது வறுமைக் கணக்குதான்.

மூன்றாவது, போட்டி. தகுதி உடையவர்கள் எழுதுகிறார்கள், மதிப்பீட்டாளர்கள் மதிப்பெண் இடுகிறார்கள், சிலருக்கு ஐந்தாண்டு மானியம் கிடைக்கிறது. அண்மைச் சுற்றுகளில் ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 6 லட்சம் டாலர் என்ற அளவில் இருந்தது. செப்டம்பரில் கல்வித் துறை கைவைத்தது இந்த மூன்றாவதில், அதிலும் ஒரு பகுதியில் மட்டுமே.

வரவுசெலவு

அந்த "ஒரு பகுதி" எவ்வளவு என்பதை நான் சொல்கிறேன்.

நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் விருப்புரிமை நிதி ஒருவகை. சட்டத்திலேயே தொகை எழுதப்பட்டு, ஆண்டு ஒதுக்கீட்டை எதிர்பார்க்காத கட்டாய நிதி இன்னொரு வகை. 2025 செப்டம்பர் 10 அன்று கல்வித் துறை நிறுத்துவதாக அறிவித்தது முதல் வகையில் சுமார் 35 கோடி டாலர். டைட்டில் 5-இன் கல்லூரி வளர்ச்சி மானியம், ஹிஸ்பானிக் மாணவர்களின் முதுநிலைப் படிப்புக்கான மானியம், கறுப்பின மாணவர் பெருமளவில் உள்ள கல்லூரிகளுக்கானது, ஆசிய அமெரிக்க மற்றும் பசிபிக் தீவினருக்கானது, அலாஸ்கா மற்றும் ஹவாய் பூர்வகுடியினருக்கானது, பழங்குடி ஆட்சிக்கு உட்படாத பூர்வகுடிக் கல்லூரிகளுக்கானது, சிறுபான்மையினருக்கான அறிவியல், பொறியியல் மேம்பாட்டுத் திட்டம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன.

கட்டாய நிதியைச் சட்டப்படி தொட முடியாது என்பதால் சுமார் 13 கோடியே 20 லட்சம் டாலரைத் தொடர்ந்து வழங்குவதாகவும் அதே அறிவிப்பு கூறியது. இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 2019 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், அதே உயர்கல்விச் சட்டத்தின் மூன்றாம் பகுதியான டைட்டில் 3-இன் எஃப் பிரிவுக்கு ஆண்டுக்கு 25 கோடியே 50 லட்சம் டாலரை நிரந்தரமாக்கியது. அதில் ஹிஸ்பானிக் கல்லூரிகளின் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு 10 கோடி; வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளுக்கு 8 கோடியே 50 லட்சம்; பழங்குடிக் கல்லூரிகளுக்கு 3 கோடி; மீதி 4 கோடி மற்ற நான்கு வகைகளுக்கு. இந்த அறிவிப்பில் சேராத வரலாற்றுக் கறுப்பின, பழங்குடிக் கல்லூரிகளின் பங்கைக் கழித்தால் 14 கோடி வருகிறது. கட்டாயச் செலவினங்கள் மீது ஆண்டுதோறும் விழும் 5.7 விழுக்காட்டு வெட்டையும் கழித்தால் 13 கோடியே 20 லட்சம் நிற்கிறது. ஆக, அந்த அறிவிப்பு எஃப் பிரிவைத் தொடவில்லை. உங்கள் கணிதத் திட்டத்துக்கு அதுவே பொருத்தமான வாசலாகவும் இருக்கலாம்.

மறுகரை

இந்த இழையில் ஒரு மாற்றுக் குரலும் இருக்கட்டும். நானும் கல்லூரி ஆசிரியன்; பணிபுரிவது டென்னசியில். ஏழை மாணவர்கள் எங்களிடமும் உண்டு, ஹிஸ்பானிக் மாணவர்களும் உண்டு. ஆனால் எங்கள் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுகூட 25 விழுக்காட்டை எட்டுவதில்லை. அதே வறுமை, அதே மொழிச் சிக்கல், அதே முதல் தலைமுறைப் பட்டதாரிக் கனவு எல்லாம் இருந்தும், மக்கள்தொகைப் பரவல் காரணமாக இந்த நிதி எங்களுக்கு மூடிய கதவு. 24 விழுக்காடு உள்ள கல்லூரியின் ஹிஸ்பானிக் மாணவர் எந்த வகையில் குறைந்தவர்? 2025 ஜூனில் டென்னசி மாநிலமும், மாணவர் சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதை எதிர்த்த ஹார்வர்டு வழக்கை 2023-இல் வென்ற அமைப்பும் சேர்ந்து தொடுத்த வழக்கின் மையக் கேள்வி இதுதான். அதை வெறும் காழ்ப்பு என்று ஒதுக்கிவிட முடியாது என்று கருதுகிறேன்.

நீதிநூல்

ஒதுக்கவில்லை ஐயா. ஆனால் ஹார்வர்டு வழக்கையும் இதையும் ஒரே தட்டில் வைப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கேள்வி, தனி மாணவர் ஒருவரைச் சேர்க்கும்போது அவருடைய இனத்தைப் பார்க்கலாமா என்பது. இங்கே எந்த மாணவரும் இனம் பார்த்துச் சேர்க்கப்படுவதில்லை. மானியம் பெற்ற கல்லூரியின் பயிற்சி மையத்துக்குள் நுழைபவரிடம் எவரும் அடையாளம் கேட்பதும் இல்லை. கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 209-ஆம் முன்மொழிவு அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதையே தடைசெய்துவிட்டது. அப்படியிருந்தும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களில் ஏறத்தாழ அனைத்தும் ஹிஸ்பானிக் மாணவர் கல்லூரிகளாக ஆகியிருக்கின்றன. அது அந்த மாநிலத்தின் மக்கள்தொகை. எவரும் செய்த இட ஒதுக்கீடு அன்று.

இருந்தாலும் சட்டநிலை எளிதாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூலையில் அமெரிக்க அரசின் தலைமை வழக்குரைஞர் ஜான் சாவர், இந்தத் திட்டம் அரசமைப்புக்கு முரணானது என்பதால் நீதித் துறை இதை நீதிமன்றத்தில் பாதுகாக்கப்போவதில்லை என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார். எதிர்த்தரப்பே வாதாட மறுக்கும் வழக்கில், ஹிஸ்பானிக் கல்லூரிகளின் சங்கம் தன்னைத் தரப்பினராகச் சேர்த்துக்கொள்ளும்படி மனு செய்தது. வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளும் பழங்குடிக் கல்லூரிகளும் இதிலிருந்து விலக்குப் பெற்றதற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. முன்னது, 1964-க்கு முன் கறுப்பின மக்களுக்குக் கல்வி தருவதற்கென்றே நிறுவப்பட்டதா என்ற வரலாற்றைப் பார்க்கிறது. இன்றைய மாணவர் விழுக்காட்டை அல்ல. பின்னது, பழங்குடி அரசுகளோடு அமெரிக்க அரசுக்குள்ள அரசியல் உறவின் மேல் நிற்கிறது. 1974-இல் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில் அதை இனப் பாகுபாடாகக் கொள்ளவில்லை.

மறுகரை

உங்கள் விளக்கம் நியாயமானது. ஆனால் இன்னொரு முள்ளும் இருக்கிறது. 25 விழுக்காடு என்பது சேர்க்கையைத்தான் சொல்கிறது, சேவையைச் சொல்வதில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம், அரிசோனா பல்கலைக்கழகம், சாண்டா பார்பரா, இர்வைன் போன்ற பெரும் ஆய்வு நிறுவனங்களும் இந்த எல்லையைத் தாண்டிப் பெயரைப் பெற்றுக்கொண்டன. விண்ணப்பம் எழுதுவதற்கென்றே தனி அலுவலகம் வைத்திருப்பவர்களோடு, ஒரே ஒரு மானிய எழுத்தரை, அவரையும் அரை நேரத்துக்கு, வைத்திருக்கும் சமுதாயக் கல்லூரி எப்படிப் போட்டியிடும்?

எல் பாசோ வாசி

இந்தக் குறையை ஹிஸ்பானிக் கல்வியாளர்களே பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஓரளவுக்குத் தகுதிச் சான்றின் செலவுக் கணக்கு செல்வந்தக் கல்லூரிகளை வடிகட்டுகிறது. ஆனால் விலக்குக் கோரவும் சட்டத்தில் இடமிருப்பதால் வடிகட்டியின் கண்கள் பெரியவை.

பொருநை

ஹிஸ்பானிக் கல்லூரிகளைப் பற்றியே பேசுகிறோம். தொடங்கியவர் ஹ்மோங் மாணவர்களையும் குறிப்பிட்டதால் ஆசிய அமெரிக்கப் பிரிவைப் பற்றிச் சில சொற்கள். 2007-இல் உருவான அந்த வகைக்கு 10 விழுக்காடு போதும். நம்மவர்களில் பலர் இதைக் கேட்டவுடன், ஆசியர்கள்தான் நன்றாகப் படிக்கிறார்களே, இவர்களுக்கு எதற்கு மானியம் என்று கேட்பார்கள். கணினித் துறைக்கு வந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளையும், வியட்நாம் போருக்குப் பின் லாவோஸ் மலைகளிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் பேத்தியும் "ஆசியர்" என்ற ஒரே கட்டத்தில் அடைபடுவதால் வரும் மயக்கம் அது. சராசரி எடுத்தால் முன்னவரின் மதிப்பெண் பின்னவரின் தேவையை மறைத்துவிடுகிறது. அந்தச் சராசரியைப் பிரித்துப் பார்க்கும் பணிக்குத்தான் இந்த மானியத்தைப் பல கல்லூரிகள் பயன்படுத்தின.

இன்னொரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுகிறேன். மாணவர் விசாவில் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து படிப்பவர்கள் இந்த 10 விழுக்காட்டில் சேர மாட்டார்கள். அரசுப் புள்ளிவிவரத்தில் அவர்கள் "குடியுரிமையற்ற வெளிநாட்டு மாணவர்" என்ற தனிப் பத்தியில் எண்ணப்படுகிறார்கள்.

மத்தியப் பள்ளத்தாக்கு

மிகவும் தெளிவாக இருக்கிறது. சட்ட விவாதம் நடக்கட்டும். நான் அதில் தலையிடவில்லை. ஆனால் எங்கள் குழு அடுத்த வாரம் கூடுகிறது. எஃப் பிரிவைத் தவிர, இனத்தின் பெயரே இல்லாத வேறு மானியங்கள் எங்களைப் போன்ற கல்லூரிக்கு உண்டா? எதிலிருந்து தொடங்குவது?

எல் பாசோ வாசி

உண்டு. என் அனுபவத்தில் எதை முதலில் பார்ப்பேனோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

டைட்டில் 3-இன் ஏ பிரிவில் "நிறுவனங்களை வலுப்படுத்தும் திட்டம்" என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் அதே ஏழை மாணவர் கணக்கு, அதே குறைந்த செலவுக் கணக்கு. இன விழுக்காடு மட்டும் கிடையாது. டைட்டில் 5-க்காக நீங்கள் எழுதி வைத்திருக்கும் வரைவில் முக்கால் பங்கு இதற்கு அப்படியே பொருந்தும், ஏனென்றால் இரண்டும் ஒரே வார்ப்பில் வார்த்த சட்டங்கள். கல்லூரியின் பலம், பலவீனம், அந்தப் பலவீனத்தைத் தீர்க்கும் செயல், ஐந்தாண்டு முடிந்த பின் அந்தச் செயலை எவருடைய பணத்தில் தொடர்வீர்கள் என்பவையே இரண்டிலும் கேள்விகள். இதுவரை ஹிஸ்பானிக் கல்லூரிகள் பல இதைப் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் டைட்டில் 5 மானியத்தைக் கையில் வைத்திருக்கும்போது டைட்டில் 3 ஏ மானியத்தையும் சேர்த்துப் பெறச் சட்டம் இடம் தராது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அந்தத் தடை இப்போது உங்களுக்குப் பொருட்டில்லை. பலரும் இதே வாசலுக்கு வருவார்கள் என்பதால் போட்டி கடுமையாக இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

எஃப் பிரிவின் ஹிஸ்பானிக் அறிவியல் மானியம் ஐந்தாண்டுச் சுழற்சியில் வருவது. 2016-இலும் 2021-இலும் பெரிய போட்டிகள் நடந்தன. அந்தக் கணக்கு நீடித்தால் அடுத்தது 2026. ஈராண்டுக் கல்லூரியிலிருந்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் பாடமதிப்புகள் இழக்காமல் மாறிச்செல்லும் ஒப்பந்தம் இதன் உயிர்நாடி. எனவே அருகிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையோடு இப்போதே பேசத் தொடங்குங்கள். அறிவிப்பு வந்த பிறகு பேசினால் கையெழுத்துத்தான் கிடைக்கும், ஒப்பந்தம் கிடைக்காது. வழக்கின் தீர்ப்பு இதையும் தொடலாம் என்பதால், இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ஹிஸ்பானிக் கல்லூரிகளுக்கென்று தனித் திட்டம் இருந்தாலும், 2025 ஏப்ரல் முதல் அந்த நிறுவனம் குறிப்பிட்ட பிரிவினரை முன்னிறுத்தும் மானியங்கள் பலவற்றை ரத்து செய்திருப்பதால், இப்போதைக்கு அதன் பொதுத் திட்டங்களையே பாருங்கள். ஈராண்டுக் கல்லூரிகளே தலைமை ஏற்க வேண்டிய உயர் தொழில்நுட்பக் கல்வித் திட்டம் 1990-களிலிருந்து நடக்கிறது. இதற்குமுன் பெறாத கல்லூரிகளுக்கென்று அதில் சிறிய தொகைக்கான தனிப் பாதையும் இருக்கிறது. முதன்முறை எழுதுபவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது அதையே.

அடுத்தது, வருமானம் குறைந்த, திறமையுள்ள மாணவர்களுக்கான அறிவியல் உதவித்தொகைத் திட்டம். இதன் பணம் எங்கிருந்து வருகிறது என்பது இங்குள்ள பலருக்கு வியப்பாக இருக்கும். எச்1பி விசாவுக்கு மனுச் செய்யும் நிறுவனங்கள் கட்டும் கட்டணத்தில் 30 விழுக்காட்டை 1998-இல் தொடங்கிய சட்ட ஏற்பாடு இந்த உதவித்தொகைக்கு ஒதுக்குகிறது. ஆக, நம் ஊரிலிருந்து வந்த பொறியாளர் ஒருவருக்காக ஒரு மென்பொருள் நிறுவனம் கட்டிய கட்டணம், ஃபிரெஸ்னோவில் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள் இயற்பியல் படிக்க உதவியிருக்கக்கூடும். ஆண்டு ஒதுக்கீட்டைச் சாராத பணம் என்பதால் நிதிநிலைச் சண்டைகளில் இது அதிகம் ஆட்டம் காண்பதில்லை.

பின்தங்கிய மாணவர்களுக்கு உதவும் மத்திய அரசின் ட்ரையோ திட்டங்களில் மாணவர் துணைச் சேவையும் உண்டு. பயன்பெறுபவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்த வருமானமும் முதல் தலைமுறைக் கல்லூரி வாழ்வும் உடையவர்களாகவோ, மாற்றுத்திறனாளிகளாகவோ இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் 2026-ஆம் நிதியாண்டுக்கான அதிபரின் வரைவு ட்ரையோவையே நீக்கப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கலாம். பெர்க்கின்ஸ் தொழிற்கல்வி நிதி மாநிலம் வழியாக ஏற்கெனவே உங்கள் கல்லூரிக்கு வந்துகொண்டிருக்கும். எவருடைய மேசையில் இருக்கிறது என்று விசாரித்தால் போதும்.

வரவுசெலவு

எழுதத் தொடங்கும் முன், மதிப்பெண் இழக்கச் செய்யும் வரவுசெலவுச் சிக்கல்களைச் சொல்லிவிடுகிறேன். டைட்டில் 3 ஏ, டைட்டில் 5 இரண்டுக்கும் இவை ஏறத்தாழப் பொதுவானவை.

கல்லூரியின் பொது நிர்வாகச் செலவில் ஒரு பங்கை, அதாவது மறைமுகச் செலவை, இந்த மானியத்தில் ஏற்ற முடியாது. ஆய்வு மானியங்களுக்குப் பழகிய நிதி அலுவலர் தம் பழக்கப்படி ஒரு விழுக்காட்டைச் சேர்த்துவிடுவார். அதை நீக்கச் சொல்லுங்கள். தலைவர், துணைத் தலைவர் நிலையில் உள்ளவர்களின் சம்பளத்தைத் திட்டப் பொறுப்பாளர் என்ற பெயரில் இதில் எழுதக் கூடாது. புதிய மாணவர்களைச் சேர்ப்பதற்கான விளம்பரச் செலவும் கூடாது.

உங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. இந்த மானியம் ஏற்கெனவே நடக்கும் செலவுக்குப் பதிலாக வரக் கூடாது. அதற்கு மேலதிகமாகவே வர வேண்டும் என்பது அடிப்படை விதி. ஏபி 705 மாநிலச் சட்டம். சட்டப்படி கல்லூரி செய்தே ஆகவேண்டிய ஒரு பணிக்கு மத்திய மானியத்தைச் செலவிட்டால், மானியம் இல்லாவிட்டாலும் நீங்கள் செய்திருக்க வேண்டியதுதானே என்று தணிக்கையாளர் கேட்பார். எனவே மாணவர்களைப் பல்கலைக்கழகத் தரப் பாடத்தில் சேர்ப்பதற்கு என்று எழுதாதீர்கள். சட்டம் கட்டாயப்படுத்தாததை எழுதுங்கள்: வகுப்புக்குள் அமரும் பயிற்றுநர், ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பாடத்தை மாற்றியமைக்கும் கோடைப் பட்டறை, தோட்ட வேலைக்குப் போகும் மாணவருக்கு இரவு ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும் உதவி மையம். மாநிலம் இதற்கென்று தந்த பணம் ஏதேனும் இருந்தால், அது எந்த வரியில் செலவாகிறது என்பதையும் தனியாகக் காட்டுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு சலுகையும் உண்டு. மானியத்தில் 20 விழுக்காடு வரை கல்லூரியின் அறக்கட்டளை முதலீட்டுக்கு ஒதுக்கலாம். அதற்குச் சமமான தொகையை வெளியிலிருந்து நீங்கள் திரட்ட வேண்டும். மானியம் நின்றாலும் அந்த முதலீடு நிற்கும். இந்த ஆண்டு நடந்ததைப் பார்த்தபின், இதைக் கேட்காத கல்லூரிக்காக வருந்துகிறேன்.

மறுகரை

"நிறுவனங்களை வலுப்படுத்தும் திட்டம்" பற்றிச் சொன்னதற்கு நன்றி; எங்கள் கல்லூரியும் இதற்குத் தகுதி பெறும் என்று தோன்றுகிறது. அப்படியானால் என் பழைய கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இந்தத் திட்டத்திலேயே எல்லாப் பணத்தையும் போட்டிருந்தால் வழக்கே வந்திருக்காதே?

நீதிநூல்

வந்திருக்காது. ஆனால் 1992-க்கு முன் இருந்த நிலை அதுவே. அப்போதும் வறுமைக் கணக்கு இருந்தது; தெற்கு டெக்சாஸ், போர்ட்டோ ரிக்கோ, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய இடங்களின் கல்லூரிகள் வளர்ந்த வேகத்துக்கு நிதி ஈடுகொடுக்கவில்லை என்பதனால்தான் தனி வகை கேட்டார்கள். பொதுத் தொட்டியில் நிதியைக் கொட்டினால் அது எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இன்னொன்று: செப்டம்பரில் நிறுத்திய நிதியை அரசு அந்தப் பொதுத் திட்டத்துக்குத் திருப்பிவிடவில்லை. சில நாள்களிலேயே வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் பழங்குடிக் கல்லூரிகளுக்கும் ஒருமுறைக் கூடுதல் நிதியாக 49 கோடியே 50 லட்சம் டாலர் அறிவிக்கப்பட்டது. அந்தக் கல்லூரிகளுக்கு அந்தப் பணம் நூறு ஆண்டுக் கடன். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் வறுமைதான் அளவுகோலாக வேண்டும் என்று சொல்லி நிறுத்தியவர்கள் வறுமை அளவுகோலுக்கு அதைத் தரவில்லை.

பொருநை

ஒரு பின்னூட்டம் மட்டும். ஒரு சமூகத்திடமிருந்து எடுத்து இன்னொன்றிடம் கொடுத்தால் இரண்டும் தமக்குள் மோதிக்கொள்ளும் என்று எவரேனும் எதிர்பார்த்திருந்தால், நான் பார்த்த கல்லூரிகளில் அது நடக்கவில்லை.

மத்தியப் பள்ளத்தாக்கு

குழுவிடம் "நிறுவனங்களை வலுப்படுத்தும் திட்டம்" முதலில், எஃப் பிரிவு இரண்டாவது என்ற வரிசையில் முன்வைக்கப்போகிறேன். கடைசியாக ஓர் ஐயம். எங்கள் நிதியுதவி அலுவலர், ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை பெறும் மாணவர் விழுக்காடு போதாமல் போகலாம் என்று அஞ்சுகிறார். கலிஃபோர்னியாவில் ஓர் அலகுக்கு 46 டாலர்தான் கட்டணம். அதையும் மாநிலச் சலுகை பலருக்கு நீக்கிவிடுகிறது. எனவே மத்திய நிதியுதவிப் படிவத்தையே பலர் நிரப்புவதில்லை. ஏழைகள் இருக்கிறார்கள், ஏழைகள் என்ற பதிவு இல்லை. இப்படி இருக்கும்போது தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிப்பதில் பொருள் உண்டா?

எல் பாசோ வாசி

உண்டு, கட்டாயம் விண்ணப்பியுங்கள். நீங்கள் சொன்ன காரணத்தை விலக்குக் கோரிக்கையாக எழுதுவதற்குச் சட்டமே இடம் தருகிறது. மாவட்டத்தின் குடும்ப வருமானம், மாநிலக் கட்டணச் சலுகை பெறுவோர் எண்ணிக்கை, பகுதிநேர மாணவர் அளவு ஆகியவற்றைக் கொண்டு வழக்கை நிறுவலாம். கலிஃபோர்னியக் கல்லூரிகள் இப்படி எழுதுவது புதிதன்று.

ஒருவேளை ஒரு போட்டியிலும் வெல்லாவிட்டாலும் அந்தச் சான்றுக்கு ஒரு தனி விலை உண்டு. உங்கள் நிதியுதவி அலுவலருக்கு இது தெரிந்திருக்கும், குழுவுக்குத் தெரியாது. படிக்கும்போதே மாணவருக்கு வேலை தரும் மத்தியத் திட்டத்திலும், ஏழை மாணவருக்கான கூடுதல் வாய்ப்பு உதவித்தொகையிலும் பொதுவாக அரசு 75 விழுக்காடு தந்தால் மீதி 25 விழுக்காட்டைக் கல்லூரி தன் கையிலிருந்து போட வேண்டும். தகுதிச் சான்று பெற்ற கல்லூரிக்கு அந்தப் பங்கிலிருந்து விலக்குக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, அரசின் ஒதுக்கீடு 3 லட்சம் டாலர் என்றால் கல்லூரி போட வேண்டிய 1 லட்சம் டாலர் உங்களிடமே தங்கிவிடும். சான்றுக்கான அறிவிப்பு வழக்கமாகக் குளிர்காலத்தில் வருகிறது. கால அவகாசம் குறுகியது. எனவே முந்தைய ஆண்டின் சேர்க்கை, செலவுத் தரவுகளை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விலக்குக் கோரிக்கையின் வரைவை இங்கே பதிவிட்டால் படித்துப் பார்க்கிறேன்.